ரேக் கதவில் இரண்டு காந்தம்

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் எனக்கு நடந்தது நடந்ததுதான்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் சர்வர் பார்க்கிற வேலை. ஒரே சர்வரைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, ஒன்றில் தீவன ரிப்போர்ட், இன்னொன்றில் பொரிப்பான்களின் சூட்டைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் புரோகிராம். எதற்கு எத்தனை ப்ராசசர் கோர், அதாவது சர்வரின் எத்தனை மூளை என்பதைச் சர்வர் அறைக்குள் உட்கார்ந்து கையால்தான் மாற்ற முடியும். எனக்கு முன்னால் இருந்த முருகேசண்ணன் வைத்த ஏற்பாடு அது. கோரை மாற்றினால் சர்வர் இருக்கும் ரேக்கின் கதவில், பார்ட்டிஷனுக்கு ஒன்றாக வரைந்த கட்டங்களில், கோருக்கு ஒன்றாக ஒட்டியிருக்கும் காந்தத்தையும் நகர்த்துவார். அவர் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகியும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் இழுத்துக்கொண்டே போனது. பவானியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து, குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள், போகாமல் முடியுமா. பொரிப்பானின் நான்கு கோரில் இரண்டை ரிப்போர்ட்டுக்குக் கொடுத்தேன், காந்தத்தையும் நகர்த்தினேன், திருப்பிவைக்க மறந்து, அறையைப் பூட்டிச் சாவியோடு கிளம்பிவிட்டேன்.

பந்தியில் உட்காரும்போது பூங்கொடி போனில் கூப்பிட்டார், ஒரு மாதம் முன்பு சேர்ந்த சூப்பர்வைசர். திரை அப்படியே நின்றுவிட்டது, ஒரு பொரிப்பான் தொட்டாலே கொதிக்கிறது, அலாரம் அடிக்கவில்லை என்றார். கோர் போதாமல் திணறியிருக்கிறது, என் தப்புதான். மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள், குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும். கதவை உடைத்தாலும் அதை மாற்றத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. இலையை மூடிவிட்டு பைக்கை எடுத்தேன்.

பெருந்துறை தாண்டும்போது மறுபடியும் அவர்.

"எல்லாம் ஓடுதுங்க. வந்துட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

நான் இன்னும் வரவே இல்லை என்றேன்.

"அப்பறம் கதவுக்கு உள்ளாற இருந்து, ஆச்சு அம்மணி, போய் வேலையப் பாருன்னு சொன்னது ஆருங்க?"

அம்மணி என்று இந்தப் பக்கம் எல்லோரும்தான் சொல்வார்கள். ஆனால் வேலை முடிந்ததும் இதையே வார்த்தை மாறாமல் சொல்கிறவர் முருகேசண்ணன் ஒருவர்தான். பூங்கொடி அவரைப் பார்த்ததே கிடையாது.

போய்ச் சேர்ந்தபோது நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே ஏசி குளிர். இரண்டு கோரும் திரும்பியிருந்தன, அந்த அறையின் கீபோர்டிலிருந்தே மாற்றியதாகச் சர்வரின் லாக் பதிவு சொன்னது. ஏதோ கோளாறில் தானாக மாறியிருக்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் காந்தங்களும் பழைய கட்டத்தில் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவை இரண்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன, அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி.

மறுநாள் குஞ்சுகள் பொரிந்தன. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். காலையில் அறைக்குள் போனதும் முதலில் அந்த இரண்டையும் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இன்னும் ஆறவில்லை.