எந்தப் பேட்டன்ட் என்று மட்டும் கேட்காதீர்கள்

மென்பொருளைப் பூட்டுப் போட்டு விற்கிறவருக்கு எங்கள் ஆம்பூரில் நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள். திறந்து பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், நாலு பேருக்குக் கொடுங்கள் என்று சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்தி, "இதுல உங்களுக்கு இன்னா லாபம்?" என்று கேட்பார்கள். நான் இரண்டாவது ரகம். ஷூ ஃபேக்டரிகளிலும், அவற்றுக்கு வெட்டித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளிலும் கட்டற்ற மென்பொருளை நிறுவுவது, அது மக்கர் பண்ணும்போது ஸ்கூட்டியில் ஓடிப்போய்ப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. கூட்டாளி பெயர் இம்தியாஸ். புரோகிராம் எழுதுவதில் சூரர். ஆனால் பிரின்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டாலும் மனித சுதந்திரத்திலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்.

கம்ப்யூட்டரைத் தொட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, எங்கள் ஊருக்குப் பேட்டன்ட் ஒப்பந்தம் என்று ஒன்று வந்துபோன கதையைக் கேளுங்கள். நாளைக்கு உங்கள் ஊருக்கும் வரும்.

பணம் கட்ட வேண்டாமா?

நஸீமா பாஜி, அதாவது நஸீமா அக்கா, ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். பெரிய ஃபேக்டரி தோலைக் கொடுக்கும். இவர் ஷூவின் மேல்பாகத்தை வெட்டித் தைத்துத் திருப்பிக் கொடுப்பார். எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டினால் தோல் வீணாகாது என்று பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும். முன்பு அவரிடம் இருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்கு. கம்ப்யூட்டரில் ஒரு குட்டிப் பூட்டைச் செருகினால்தான் திறக்கும். அந்தப் பூட்டு ஒருநாள் செத்துப்போனது. மாற்றுப் பூட்டு வருகிறவரை மொத்த யூனிட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கடுப்பில்தான் எங்களைக் கூப்பிட்டார்.

"இது கட்டற்ற மென்பொருள் பாஜி" என்றார் இம்தியாஸ். "கட்டற்றன்னா? பணம் கட்ட வேணாமா?" என்றார் பாஜி. இம்தியாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டு என்றால் தளை, விலங்கு என்று தமிழில் விளக்கினார். போதவில்லை என்று உருதுவுக்குத் தாவினார். "முஃப்த் இல்ல பாஜி, ஆஸாத். ஓசி இல்ல, சுதந்திரம்." பாஜி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் எங்கள் சர்வீஸ் சார்ஜ் பற்றி நான் மெதுவாக எடுத்துச் சொன்னதும்தான் அவர் முகம் தெளிந்தது. "அப்போ சாஃப்ட்வேருக்குக் கட்ட வேணாம், உங்களுக்குக் கட்டணும். இதைச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?"

தெருவுக்கே ஒரு காப்பி

தோல் என்றால் துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. ஓட்டை இருக்கும், கீறல் இருக்கும், உண்ணி கடித்த தழும்பு இருக்கும். அவற்றைத் திரையில் குறித்துவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு மென்பொருளே துண்டுகளை அடுக்கும்படி இம்தியாஸ் பாஜிக்காக எழுதிக் கொடுத்தார். திறக்கும்போது 'ஆம்பூர் நஸீமா யூனிட்டுக்காக எழுதியது' என்று முதல் திரையில் ஒரு வரியும் போட்டார். பாஜி அதை மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். அதைப் பென்டிரைவில் போட்டுத் தெருவில் இருந்த மற்ற யூனிட்டுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எல்லாரும் போட்டிக்காரர்கள். கட்டற்ற மென்பொருளின் தத்துவமே அதுதான் என்றாலும், எனக்கே கொஞ்சம் திக்கென்றது. ஏன் பாஜி என்று கேட்டேன். "எனக்கு ஆர்டர் ஜாஸ்தி ஆனா அவங்க கிட்டதானே வேலையைத் தள்ளி விடுறேன், சுகந்தி? அவங்க தோலை வீணாக்கினா திட்டு எனக்குத்தானே வரும்."

பன்னீர் போட்டுப் பயமுறுத்தியது

சென்னையில் ஒரு கம்பெனி. எங்களைப் போலவே, அதே மென்பொருளுக்குச் சர்வீஸ் செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தது. எங்களைவிடப் பெரிய அளவில். அந்தக் கம்பெனியும், பூட்டு விற்ற வெளிநாட்டுக் கம்பெனியும் திடீரென்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. விஷயத்தை அறிவிக்க வேலூர் ஹோட்டல் ஒன்றில் கூட்டம், பிறகு சாப்பாடு. ஆம்பூர்க்காரர்களை வரவழைத்துப் பன்னீர் போட்டார்கள். அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கோட்டுப் போட்ட பிரசன்னா என்ற இளைஞர் மேடையில் நின்று விளக்கினார். இந்த மென்பொருளுக்குள் வெளிநாட்டுக் கம்பெனியின் பேட்டன்ட்டுகள் சில மாட்டிக்கொண்டிருக்கின்றனவாம். ஆனாலும் சென்னைக் கம்பெனியிடம் சந்தா கட்டிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் மேல் வழக்குப் போட மாட்டார்களாம். "அப்போ கையெழுத்துப் போடாதவங்க மேல?" என்று எழுந்தார் இம்தியாஸ். "அது எங்க கையில இல்ல சார்." "சரி, எந்தப் பேட்டன்ட்? சொல்லுங்க. அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு வேற மாதிரி எழுதிடறேன்." பிரசன்னா புன்னகைத்தார். அது ரகசியமாம். பேட்டன்ட் என்பதே இது என்னுடையது என்று ஊரறியப் பதிந்து வைப்பது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, எது என் வீடு என்று சொல்ல மாட்டேன் என்றால் எப்படி? இம்தியாஸ் விடாமல் கேட்டார். மைக்கை அவரிடமிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு பிரசன்னா சொன்னார்: "எந்தப் பேட்டன்ட்டுங்கறது முக்கியம் இல்ல சார். நீங்க நிம்மதியா இருக்கணும், அதான் முக்கியம்."

நியாயத்துக்கு இடமில்லை

அடுத்து, நஸீமா பாஜிக்கு வேலை கொடுக்கும் ஃபேக்டரியிலிருந்து சர்க்குலர் வந்தது. எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டும் பேட்டன்ட் பாதுகாப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு ஆர்டர் இல்லை. அனுப்பியவர் பர்ச்சேஸ் மேனேஜர் ஜெயக்குமார். நல்ல மனிதர், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். நானும் இம்தியாஸும் போய்ப் பார்த்தோம்.

இம்தியாஸ் சுதந்திரத்திலிருந்து ஆரம்பித்தார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்து, சுருக்கமாகச் சொன்னேன். பலபேர் எழுதி, எல்லாருக்கும் பொதுவாக விட்ட மென்பொருள் இது. இன்னது எங்களுடையது என்று ஒரு வரியைக்கூடக் காட்டாமல், கையெழுத்துப் போட்டால் விடுகிறேன் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. இன்றைக்கு இதற்குத் தலையாட்டினால் நாளைக்கு எழுதினவர்களே இதைத் தொடப் பயப்படுவார்கள். ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். ஆனா சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருக்கு நான் அனுப்புற ஃபைல்ல நியாயம்னு ஒரு கட்டம் கிடையாது, சர்ட்டிஃபிகேட்னுதான் இருக்கு."

வக்கீலின் ஆலோசனை

பாஜியை அழைத்துக்கொண்டு வேலூரில் வக்கீல் எட்வினிடம் போனோம். ஒப்பந்தத்தை அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நம் நாட்டுச் சட்டத்தில் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேட்டன்ட் கிடையாது என்றார். இம்தியாஸ் பெருமையாக என்னைப் பார்த்தார். ஆனால் சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறதே, அங்கே சட்டம் வேறே என்றார். இம்தியாஸ் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு ஒரு ஷரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பாதுகாப்பு கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்தான். அவர் யாருக்காவது காப்பி கொடுத்திருந்தால் அந்தக் காப்பிக்குப் பாதுகாப்பு இல்லை. அதாவது பாஜி கையெழுத்துப் போட்டால், இந்த மென்பொருளில் அந்தக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. பாஜி தப்பித்துவிடுவார். பாஜி கையால் பென்டிரைவ் வாங்கிய தெருக்காரர்கள் மாட்டுவார்கள். கிளம்பும்போது வக்கீல் வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "என்னைக் கேட்டா கையெழுத்துப் போடாதீங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா, அந்த ஃபேக்டரிக்கும் நான்தான் வக்கீல்."

பிரசன்னா ஆம்பூர் வந்தது

கையெழுத்து வாங்கப் பிரசன்னாவே யூனிட்டுக்கு வந்தார். தையல் மெஷின்களின் சத்தத்தில் அவர் பேசியது பாதி கேட்கவில்லை. பாஜி எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நான் போட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் கொடுத்தவங்களுக்கு?" என்று கேட்டார் பாஜி. அவர்களும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் பிரசன்னா. "போடலன்னா?" அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம் மேடம். அந்தக் கம்பெனி பண்ணலாம். பண்ணாமலும் இருக்கலாம்." பாஜி பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். அவருக்கு டீ வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை மெஷினை ஓடவிடவில்லை. டம்ளர் கீழே வந்ததும் சொன்னார்: "தம்பி, கொடுத்த பொருளை வெச்சு அடுத்தவங்களை மாட்டிவிடுறவன்னு எனக்குப் பேர் வேணாம். நீ கிளம்பு, உனக்கும் வெயில் ஏறிடும்."

மெஷின் நின்றபோது

மேலே சொன்னதைக் கேட்டு நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். நானும் தட்டினேன். அடுத்த லாரியில் தோல் வரவில்லை. அதற்கடுத்த லாரியிலும் வரவில்லை. சீசன் நேரம். வேறு ஃபேக்டரிகளிடம் வேலை வாங்கிய யூனிட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, பாஜியின் யூனிட்டில் மின்விசிறி மட்டும் ஓடியது. தைக்கிற பெண்களில் சிலர் சங்கடப்பட்டுக்கொண்டே வாணியம்பாடிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, தத்துவத்தை வைத்துக் கட்ட முடியாது.

இம்தியாஸ் சுதந்திரம் என்ற வார்த்தையையே மறந்துவிட்டார். ஒருநாள் மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு பாஜியிடம் போனார். நாங்கள் இரண்டு பேரும் கொள்கை பேசினோம், விலை கொடுக்கிறவர் இவர். "பாஜி, போட்டுடுங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்றார் இம்தியாஸ், தரையைப் பார்த்துக்கொண்டே. வெட்டு மெஷின்மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த பாஜி நிமிரவே இல்லை. "உங்க ரெண்டு பேருக்காக நான் போடாம இருக்கேன்னு யார் சொன்னது? பேஜார் பண்ணாம, வந்ததுக்கு அந்தப் பிரின்டரைப் பார்த்துட்டுப் போங்க."

முதல் திரையில் ஒரு வரி

கொஞ்ச நாளில் அதே ஃபேக்டரியின் டிசைன் செக்‌ஷனிலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் ஒன்று தகராறு செய்கிறது, அவசரம், வாருங்கள் என்றார்கள். போனேன். மென்பொருளைத் திறந்தேன். 'ஆம்பூர் நஸீமா யூனிட்டுக்காக எழுதியது' என்றது திரை. பக்கத்துக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். அதுவும் அதையே சொன்னது. சந்தா கட்டிச் சென்னைக் கம்பெனியிடம் வாங்கியது எங்கே என்று கேட்டேன். அது தோலில் ஓட்டை இருந்தால் அதன் மேலேயே துண்டை அடுக்குகிறதாம். அதனால் யாரோ ஒரு யூனிட்டிலிருந்து இதைப் பென்டிரைவில் வாங்கிவந்து போட்டுக்கொண்டார்களாம். சர்க்குலருக்கு முன்பிருந்தே இதில்தான் வேலை நடக்கிறதாம்.

நான் எதையும் பழுது பார்க்காமல் ஜெயக்குமாரை மேலே வரச்சொன்னேன். வந்தார். திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். உங்கள் சர்க்குலர்படி பாதுகாப்பில்லாத காப்பி வைத்திருப்பவருக்கு ஆர்டர் கிடையாது, இப்போது இந்த ஃபேக்டரி தனக்கே ஆர்டரை நிறுத்திக்கொள்ளுமா என்று கேட்டேன். சென்னைக்குப் போன் போட்டார். இந்தக் காப்பிக்கும் பாதுகாப்பு உண்டா, வழக்கு வந்தால் நீங்கள் வந்து நிற்பீர்களா, அப்படியே எந்தப் பேட்டன்ட் என்றும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் வரவில்லை. போனை வைத்தவர் முகத்தில், பன்னீர் சாப்பிட்ட அன்று எனக்கு வந்த அதே உணர்ச்சியைப் பார்த்தேன். அடுத்த வாரம் பாஜிக்குத் தோல் வந்து இறங்கியது. அந்தச் சர்க்குலரை வாபஸ் வாங்கிவிட்டீர்களா சார் என்று கேட்டதற்கு ஜெயக்குமார் சொன்னார்: "அது சர்க்குலரே இல்ல மேடம், சும்மா எல்லார்கிட்டயும் ஒரு கருத்துக் கேட்டிருந்தோம்."

சலீம் பாயின் ஒற்றுமை

மெஷின்கள் மறுபடி ஓடின. வாணியம்பாடி போன பெண்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். போனவர்கள் நல்ல தையல்காரிகள். அவர்கள் உட்கார்ந்திருந்த மெஷின்களைப் பாஜியே தினமும் துடைத்துவைப்பார். பிரசன்னா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஒப்பந்தம் மட்டும் சென்னைக் கம்பெனியின் இணையதளத்தில் பத்திரமாக இருக்கிறது. வழக்கு யார்மேலும் வரவில்லை.

பாஜியிடம் முதலில் பென்டிரைவ் வாங்கியவர் பக்கத்து யூனிட் சலீம் பாய். இந்த ஒப்பந்தம் பற்றித் தெருக்காரர்களை வைத்து நாங்கள் நடத்திய கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வந்து, கையெழுத்துப் போடவே கூடாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவர். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க நானும் இம்தியாஸும் போனபோது சுவரில் பேட்டன்ட் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வேலூர் ஹோட்டல் கூட்டம் நடந்த வாரத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாஜியின் யூனிட் ஓடாமல் கிடந்த நாட்களில் அவருக்குத்தான் ஆர்டர் ஜாஸ்தி. நான் சான்றிதழையே பார்த்துக்கொண்டு நின்றேன். சலீம் பாய் எங்களுக்கு நாற்காலி போட்டார், டீயும் சொன்னார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் விளக்கினார்: "ஒற்றுமையா நிக்கணும்தான், நான் இல்லேங்கல. ஆனா எல்லாரும் நிக்கும்போது ஒருத்தனாவது உக்காந்திருந்தாதானே நாளைக்கு மத்தவங்களுக்கு உதவ முடியும்?"

மென்பொருளின் பூட்டைக் கழற்ற எனக்குத் தெரியும். பூட்டு இல்லாவிட்டால் தூக்கம் வராதவர்களை என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இன்னும் யாரும் எழுதிவைக்கவில்லை.