வரிசையில் சேராத பதக்கம்

எனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்தது. நான் பிழைத்தது டாக்டரின் ஊசியாலா, அம்மா குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாலா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. டாக்டருக்கு அப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். அம்மனிடம் அப்படித் தப்பிக்க முடியாது. அடுத்த தசராவுக்கு நான் வேஷம் கட்டி, தூத்துக்குடியில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து, சேர்ந்ததை எல்லாம் குலசேகரன்பட்டினம் கோவில் உண்டியலில் போட வேண்டும் என்று அம்மா வேண்டியிருந்தாள்.

என்ன வேஷம் என்பதில்தான் சண்டை வந்தது. பெரியம்மா மகளின் வெள்ளைக் கவுன் ஒன்று சும்மா கிடந்ததால் நர்ஸ் என்றாள் அம்மா. மிலிட்டரி என்றேன் நான். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு மிலிட்டரி என்று அம்மா கேட்டபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா, "ஏன், அவ பிடிச்சா துப்பாக்கி சுடாதா?" என்றார். அத்துடன் நர்ஸ் ஒழிந்தாள்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்களுக்கு மூன்றாவது வீடு. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து, துறைமுக வாசலில் காவல் வேலை பார்த்தார். பிள்ளை இல்லாததால் அத்தையும் அவரும் என்னைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இருந்த இன்னொரு பிள்ளை அந்தக் கண்ணாடிப் பெட்டி.

கடையை மூடிய ஒரு முத்து வியாபாரியிடம் வாங்கிய பெட்டி அது. மேலே கண்ணாடி, உள்ளே நீல வெல்வெட். முத்துகள் உட்கார்ந்திருந்த சின்னச் சின்னப் பள்ளங்கள் துணியில் அப்படியே தெரியும். இடது பக்கம் மாமாவின் ஆறு பதக்கங்கள், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்குக் கீழே தொப்பி பேட்ஜுகள், தோளில் குத்தும் பித்தளை எழுத்துகள். அவையெல்லாம் மற்ற ரெஜிமென்ட்காரர்களிடம் பண்டமாற்றாக வாங்கியவை. ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் மாமா பெட்டி பெட்டியாக எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் கொண்டுபோவாராம். ஒரு பெட்டி மக்ரூனுக்கு ஒரு பேட்ஜ். பஞ்சாப்காரர் ஒருவர் மட்டும் இரண்டு பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் கொடுத்த பேட்ஜிலும் பின்பக்க வளையம் ஒன்று உடைந்திருந்தது என்று மாமா கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

பெட்டிக்கு எதிரி கடல்காற்று. எங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், பதக்கம் எம்மாத்திரம்? அதனால் மாமா வீட்டில் கிழக்கு ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஷூ பெட்டியிலும் புதுப் பையிலும் கிடக்குமே, தின்னாதே என்று எழுதிய குட்டி வெள்ளைப் பொட்டலம், அதைத் தெருவில் யாரும் குப்பையில் போடக் கூடாது. எல்லாம் மாமாவுக்கு வந்துவிடும். துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் எங்களுக்கெல்லாம் செண்ட் கொடுத்துவிட்டு, மாமாவுக்கு அந்தப் பொட்டலத்தில் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தான். அன்று மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி திறக்கப்படும். பழைய பனியன் துணியால் பிடித்து, வாயால் ஊதாமல், பிரஷ்ஷால் தூசு தட்டி, பொட்டலங்களை மாற்றி மறுபடி பூட்டுவார். தேய்க்கவே கூடாது. பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி அதை வாங்கியவரின் நம்பரும் பேரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும், தேய்த்தால் அது அழிந்துபோகும். இது தெரியாமல் அத்தை ஒரு சரஸ்வதி பூஜைக்கு, குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு பேட்ஜையும் புளி போட்டுத் துலக்கி, அதிலிருந்த சிங்கத்தை மொட்டையாக்கிவிட்டாள். அன்றிலிருந்துதான் பூட்டு வந்தது. சாவி மாமாவின் சவர டப்பாவில் இருந்தது. அது எனக்கும் தெரியும், பல்லிக்கும் தெரியும்.

வலது மூலையில் மட்டும் ஒரே ஒரு பதக்கம் தனியாகக் கிடக்கும். ரிப்பன் புத்தம் புதிது. அதை ஏன் வரிசையில் சேர்க்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டபோது மாமா பிரஷ்ஷைத் தட்டத் தொடங்கினார். வருஷத்தில் இரண்டு முறையாவது அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சாத்தான்குளம் போவார். சாயங்காலம் அதே பொட்டலத்தோடு திரும்பி வருவார். "பஸ்ல காத்து வாங்கக் கொண்டுட்டுப் போறாரு போலுக்கு" என்பாள் அத்தை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

தசரா வந்தது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, வாடகைக் கடையில் எடுத்த பச்சைச் சட்டையைப் போட்டேன். முட்டிக்குக் கீழே தொங்கியது. நெஞ்சில் குத்தக் கடைக்காரர் கொடுத்த பதக்கங்களோ சோடா மூடியில் ஜரிகைத் தாள் ஒட்டியவை. எதிர்வீட்டுப் பையன் போலீஸ் வேஷத்தில் நிஜ விசிலோடு திரிந்தான். என் நெஞ்சைப் பார்த்து, "ஏளா, இது சோடாவா, கலரா?" என்று கேட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு நான் செய்ததற்கு அவன்தான் பொறுப்பு என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். மாமா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சவர டப்பாவைத் திறந்து, பெட்டியைத் திறந்தேன். வரிசையில் ஒன்றை எடுத்தால் பல் விழுந்த மாதிரித் தெரியும். மூலையில் கிடப்பது வரிசையிலேயே சேர்த்தி இல்லை, அதை யார் தேடப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டு, அதை எடுத்து ஊக்கால் நெஞ்சில் குத்திக்கொண்டேன்.

கடைசி நாள் வேஷம் கட்டிய தெருப் பிள்ளைகளோடு தர்மத்துக்குப் போனேன். தெருவே என்னைப் பார்த்தது. விசில் பையன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கு வரும்போதுதான் மாமா அன்று லீவு என்று நினைவு வந்தது. சட்டென்று பதக்கத்தைக் கழற்றித் தர்மப் பைக்குள் போட்டேன். மாமா வெளியே வந்தார். என் தொப்பியைச் சரிசெய்தார், பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார், "நெஞ்ச நிமித்துளா" என்றார். பிறகு அவரே விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பைக்குள் பத்து ரூபாய் போட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அங்கிருந்து நேரே குலசைக்கு வேன். உள்ளே காளி, குறவன், கரடி, ராஜா எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர். மேளச் சத்தத்தில் என் பேரே எனக்கு மறந்துவிட்டது, பதக்கமா நினைவிருக்கும்? கோவிலில் திருவிழாவுக்கென்று வைத்த அகல வாய் உண்டியல் முன்னால் அம்மா என் கையிலிருந்த பையை வாங்கினாள். அம்மனுக்கென்று எடுத்ததை எண்ணிப் பார்க்கவும் கூடாது, உள்ளே பார்க்கவும் கூடாது என்பது அவள் கொள்கை. அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். சில்லறைச் சத்தத்தோடு கனமாக ஒன்று விழுந்த சத்தமும் கேட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் பதக்கம் நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி டைபாய்டோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டைபாய்டே வந்திருக்கலாம். ஞாயிறு காலை மாமா வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், திறந்த பெட்டி முன்னால் மாமா நிற்கிறார், அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

"நான் தொடவே இல்ல. ஒரு தடவ புளி போட்டுத் தேச்சுட்டேன், அத எத்தன வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவிய?"

அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. தசராவில் தொடங்கி உண்டியல் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தையிடம், "கோவிச்சுக்கிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

கோவில் அலுவலகத்தில் சொன்னது இதுதான்: உண்டியலில் விழுந்தது அம்மனுக்குச் சொந்தம், ஆனாலும் எண்ணுகிற அன்றைக்கு வாருங்கள், பார்ப்போம். மாமா தவறாமல் போனார். திருட்டுக்குச் சாட்சியாக என்னையும் கூட்டிப்போனார். நீண்ட கூடத்தில் சில்லறையைக் குவித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மோதிரம், கைக்கடிகாரம், யாரோ ஒருவரின் வண்டிச் சாவி என்று ஒரு தட்டில் ஒதுக்கி வைத்தவற்றுக்கு நடுவில் எங்கள் பதக்கம் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது.

அதிகாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அடையாளம் கேட்டார். மாமா விளிம்பில் இருந்த நீளமான நம்பரைப் பார்க்காமலே ஒப்பித்தார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். "நம்பர் சரியா இருக்கு அண்ணாச்சி. பேரும் போட்டிருக்கே. இது உங்க பேருதானா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நான் மாமாவின் கையை இடித்தேன். மாமா கையை விலக்கிக்கொண்டார். பிறகு, "என் பேரு இல்ல. என்கூட இருந்தவன் பேரு. அவன் இப்ப உசுரோட இல்ல" என்றார்.

அப்படியானால் அவர் வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்றார் அதிகாரி. தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமா உண்மையைச் சொன்னதன் மேலும் கோபம்தான்.

மறுநாளே சாத்தான்குளம் போனோம். பஸ் ஸ்டாண்டில் மாமா ஒரு டீ குடித்தார். இன்னொன்று குடித்தார். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது ஊருக்குள்ள போவீயளா, இல்ல இப்படியே திரும்பிருவீயளா?" என்று சிரித்தார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால் நின்றோம். அம்மா வயதில் ஓர் அக்கா, அந்தப் பதக்கக்காரரின் சம்சாரம், வெளியே வந்தார். மாமா தன் பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. உங்கள் பேரைக் கடிதங்களில் படித்திருக்கிறேன் என்றார். மாமா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "பழைய ரிப்பன் கிழிஞ்சிட்டு, மாத்தி வைனு என்ட்ட குடுத்துட்டு டூட்டிக்குப் போனான். நான் மாத்தி வச்சேன். அவன் வரல."

அந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். "அவிய பெட்டி வந்துச்சு அண்ணே. சீப்பு வந்துச்சு, சோப்பு டப்பா வந்துச்சு. இது மட்டும் வரல. எங்க எங்கயோ எழுதிக் கேட்டேன். எங்க போச்சுனே தெரியலன்னுட்டாங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ, உள்ளுக்குள் ஒரு பெரிய நிம்மதி. அடடே, மாமாவும் நம் கட்சிதான், அடுத்தவர் பதக்கத்தைச் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. கூட்டாளி கிடைத்த தைரியத்தில் அந்த அக்கா கொடுத்த முறுக்கை நிம்மதியாகத் தின்றேன்.

அவரும் எங்களோடு குலசைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியதும், விளிம்பை விரலால் தடவி மெதுவாகப் பேரைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் குத்தியிருந்தியா? எங்கன குத்துன?" என்று கேட்டார். நான் பயந்துகொண்டே இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "அங்கனதான் குத்தணும்" என்றார். திட்டவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பதக்கத்தைச் சேலை முந்தியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு, சாத்தான்குளம் பஸ்ஸில் ஏறினார்.

நாங்கள் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினோம். முள்ளக்காடு உப்பளம் வரும்போது பார்த்தால் மாமா அழுதுகொண்டிருக்கிறார். சத்தமில்லாமல், சட்டைக் காலர் நனைகிற அளவுக்கு அழுகிறார். இத்தனை வருஷம் பொட்டலம் பொட்டலமாக வைத்துக் காத்த பதக்கம் என்னால் கையை விட்டுப் போய்விட்டதே என்று நினைத்து, அடுத்த தசராவுக்குள் காசு சேர்த்து அதே மாதிரி ஒன்று வாங்கித் தருவேன், அம்மன்மேல் சத்தியம் என்றேன். மாமா அழுதுகொண்டே சிரித்தார். "சரிளா, வாங்கித் தா" என்றார்.

சொன்னபடி சேர்த்தேன். பெட்டியின் வலது மூலையில் வெல்வெட் மற்ற இடமெல்லாம் வெளுத்து, பதக்கம் கிடந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கருநீலமாக இருந்தது. மாமா வேறு எதையும் அங்கே நகர்த்தி வைக்காததால், எனக்காகத்தான் இடம் விட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகச் சேர்த்தேன். அடுத்த தசராவுக்கு முன்னால் காசு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அந்தக் காசோடு தன் காசையும் போட்டு, ஒரு பெரிய பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு சாத்தான்குளம் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு, சந்தோஷமாகத் திரும்பி வந்தார். மக்ரூனும் இல்லை, பதக்கமும் இல்லை. மாமா என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.