பொருந்தாத கோரைப் பற்கள்

“மாமா, உங்களைத் தேடிக்கிட்டிருக்காங்க” என்று அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“யாரு, போலீசா?” மாமா தலை நிமிரவில்லை. யாருக்கோ செய்த மேல்வரிசைப் பல் செட் அவர் கையில் இருந்தது. அதன் ஓரத்தை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தார்.

“இல்ல. ரத்தக்காட்டேரிப் படம் பாக்கறவங்க. அதுக்குன்னு ஒரு சங்கம் வெச்சிருக்காங்க.”

“காட்டேரிக்குச் சங்கமா? சந்தா காசா, ரத்தமா?”

“விளையாடாதீங்க மாமா. எழுபதுகள்ல கையில காசில்லாம எடுத்த காட்டேரிப் படங்களாத் தேடித் தேடிப் பாக்கறாங்க. அதுல ஒண்ணுக்குக் கோரைப் பல் செஞ்சது நீங்கதானே? அத்தை ஒருநாள் சொன்னாங்க.”

அரம் நின்றது. “முதல்ல உங்க அத்தை வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சிருக்கணும்.”

“காதுல விழுது, காதுல விழுது” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க” என்று அவள் தொடர்ந்தாள். “அந்தப் படத்துல காட்டேரி கடிக்கறதுக்கு முன்னாடி கையால வாய மூடிக்குமாம். அதப் பத்தியே ஒரு வாத்தியார் நாப்பது பக்கம் எழுதியிருக்கார். வெக்கமாம், மனசாட்சியாம், மனுஷத்தன்மையோட கடைசிச் சொட்டாம்.”

“மனசாட்சியா?” மாமா கண்ணாடியைக் கழற்றினார். “பல்லு கீழ விழுந்துடக் கூடாதேன்னு பிடிச்சிக்கிட்டிருந்தான், பாவப்பட்ட மனுஷன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“எப்ப வரச் சொல்றாங்க?” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஆனா அவங்க பேசற மொழி உங்களுக்கு வராதே.”

“உனக்கு வருமில்ல? உன்ன ரெண்டு மொழியில படிக்க வெச்சது பின்ன எதுக்கு?”

பேச்சு அவ்வளவுதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி இழைக்கத் தொடங்கினார். அன்று அந்த மேல்வரிசையை அவர் அளவுக்கு மேல் இழைத்துக் கெடுத்துவிட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு செட்டையும் கெடுத்துப் பார்த்ததில்லை என்றாள்.

மாமா பல் டாக்டர் அல்லர். டாக்டர் அச்செடுத்து அனுப்பினால் அதற்குப் பொருத்தமாகப் பல் செய்து தருகிறவர். வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு மோட்டார், ஒரு சின்ன அடுப்பு. சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் ஊரில் பாதிப் பேருடைய வாய், வெள்ளை பிளாஸ்டரில். ஒவ்வொன்றின் அடியிலும் கத்தியால் ஆழமாகக் கீறிய எண் இருக்கும். டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் செட்டை வெளியே விடமாட்டார் என்பதால் வந்த பெயர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார், முகம் பிறகுதான். அவளுக்கு வேலை கிடைத்து அந்த வீட்டின் பின்னறைக்குக் குடிவந்த அன்று, பெட்டியை இறக்கி வைப்பதற்குள், “இடப்பக்கமே மெல்லற. வலப்பக்கம் என்னன்னு காட்டு” என்றுதான் வரவேற்றார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது அவருக்குப் பழமொழி இல்லை, தொழில் விதி. செட்டைப் போட்டுப் பார்க்க வருகிறவர் ‘சொல்லச் சொல்லச் சிரிச்சேன்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். காற்றுப் புகுந்தால் செட் மேசைக்குத் திரும்பிவிடும். “இந்த வயசுல நான் எங்கய்யா மேடையேறப் போறேன், குடுத்துத் தொலை” என்று கிழவர்கள் மல்லுக்கட்டுவார்கள். மாமா அசைய மாட்டார்.

இப்படிப்பட்டவர் செய்த பல் எப்படி விழுந்தது என்று அவள் இரண்டு நாள் கேட்காமலே இருந்தாள். கேள்வி கேட்பது அவளுக்கு எப்போதும் கடினம். மூன்றாம் நாள் காலையில் பிளாஸ்டர் கலக்கும்போது அவரே சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது, ஒரு டாக்டரிடம் வேலை. படக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். காட்டேரியாக நடிக்கிற கதாநாயகன் ஒருவர், அவருக்குப் பதிலாகக் கூரையிலிருந்து குதிக்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் கோரைப் பல் வேண்டும், நாலே நாளில். அவசரத்தில், கத்தியால் எண் கீறாமல் பென்சிலால் எழுதினார். பிளாஸ்டர் அச்சு இரண்டையும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டார். எடுத்துப் பார்த்தால் எழுத்தைக் காணோம்.

“அப்பறம்?”

“அப்பறம் என்ன? பெரிய தாடை கதாநாயகனுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

கதாநாயகனுக்கு வாய் சின்னது. குதிக்கிறவர் பல் கதாநாயகனுக்குப் போய்ச் சேர்ந்தது. வாயைத் திறந்தால் நழுவியது, பேசினால் குதித்தது. ஐந்தாம் நாள் இயக்குநர் கதாநாயகனை அழைத்துக்கொண்டு வந்து சத்தம் போட்டார். மாமா அச்சைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். திருத்த இரண்டு நாள் கேட்டார். “மொத்தப் படமே பதினோரு நாள். அதுல உனக்கு ரெண்டு நாளா?” என்றார் இயக்குநர். பிறகு, இது யார் குற்றம் என்று கேட்டார்.

“நான் அந்த மனுஷனக் காட்டி, இவர் வாய் அப்பிடி, இந்த வாயில எந்தப் பல்லும் நிக்காதுன்னுட்டேன்.” மாமா கரண்டியைக் கீழே வைத்தார். “அவர் நாடகத்துலேர்ந்து வந்தவர். கணீர்னு குரல். படத்துல அவர் பேச்சையெல்லாம் வெட்டிட்டாங்க. வாயப் பொத்திக்கிட்டே நடிச்சார். பாத்தவங்க சிரிச்சாங்க. அதுக்கப்பறம் ஒருத்தரும் கூப்பிடல. பல வருஷம் கழிச்சு எங்கிட்டயே செட் கட்ட வந்தார். அவருக்கு என்ன அடையாளம் தெரியல. ‘என்னுது சரியில்லாத வாய் தம்பி, பாத்துச் செய்யுங்க’ன்னார்.”

“நீங்க சொல்லலையா?”

“சொல்லச் சொல்லச் சிரிச்சேன்னு சொல்லுங்கன்னேன். சொன்னார். ஒரு பிசிறு இல்ல. அதோட விட்டுட்டேன். இப்ப அவரும் இல்ல.”

கலந்த பிளாஸ்டர் கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மாடிக் கூடத்துக்கு மாமா இஸ்திரி போட்ட சட்டையில் போனார். நாற்பது பேர் இருந்தார்கள். மின்விசிறி சுற்றாத அறையில் சிலர் கறுப்பு அங்கி போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய அங்கி ஜன்னல் திரை என்பது அதன் வளையங்களிலிருந்து தெரிந்தது. சங்கச் செயலாளர் ஒரு தாடிக்காரர், பகலில் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். படத்தைப் போட்டார்கள். வௌவால் நூலில் ஆடியது. கல்லறைக் கதவு காற்றில் மடங்கியது. ஒவ்வொன்றுக்கும் பாசமாகக் கைதட்டினார்கள். காட்டேரி முதன்முறை வாயைப் பொத்தியபோது மட்டும் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரை மேடையில் உட்காரவைத்து அவளைப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். மாமா சுற்றி வளைக்கவில்லை.

“அது என் தப்பு. ரெண்டு பேர் அச்சு மாறிப்போச்சு, பல் பொருந்தல. பழிய நான் அவர் வாய் மேல போட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லும்மா.”

நாற்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் வேலை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்ப்பது. உயிர் போகும் என்பதை, மிக அரிதாக விரும்பத்தகாத விளைவுகள் ஏற்படலாம் என்று எழுதிப் பழகிய கை. இந்த அங்கிக்காரர்கள் முன்னால் மாமாவின் தலை குனிவதை அவளால் பார்க்க முடியாது. பற்கள் அந்த வாய்க்குத் தளர்வாக அமைந்தன, அதனால்தான் அவர் கையால் மூடிக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள். தப்பு என்ற சொல்லையும் பழியையும் விழுங்கிவிட்டாள்.

நாற்பது பக்க வாத்தியார் துள்ளி எழுந்தார். “தளர்வாக! வேண்டுமென்றே! நான் எழுதினேனே!” கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அப்போதாவது அவள் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

பேருந்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன மனுஷங்க! செருப்பாலடிப்பாங்கன்னு பயந்தேன். கைதட்டி மன்னிச்சுட்டாங்க பாத்தியா?”

அவள் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்தாள்.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் சிறுபத்திரிகை வந்தது. அட்டையில் மாமா. வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை அவள் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். ஒரு நடிகனைத் தன் வாயைத் தானே மூடவைப்பதற்காகப் பொருந்தாத பற்களைத் தெரிந்தே செய்த மேதை என்று இருந்தது.

“தெரிஞ்சே செஞ்சேனா?”

“அப்பிடித்தான் போட்டிருக்காங்க மாமா.”

“நான் என்ன சொன்னேன்? நீ என்ன சொன்ன?”

அவள் சொன்னாள். மாமா திட்டவில்லை. அரத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “உம், போன் போடு.”

போட்டாள். அச்சு மாறிய கதையை அப்படியே சொன்னாள். பெரிய கலைஞர்களுக்கே உரிய அடக்கம் என்று தாடிக்காரர் நெகிழ்ந்தார். கடிதம் எழுதினாள். அதை ‘ஒரு மேதையின் தன்னடக்கம்’ என்று தலைப்புப் போட்டு அச்சடித்தார்கள். வாத்தியாரை நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர் இருவரையும் உட்காரவைத்து, மாமா ஏன் அப்படிச் செய்தார் என்று மாமாவுக்கே ஒன்றரை மணி நேரம் விளக்கினார்.

“நான் செஞ்ச பல்லு, நான் செஞ்ச தப்பு. அது தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?” என்று வெளியே வந்து மாமா தெருவில் கத்தினார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை.

“விடுங்களேன். பாராட்டத்தானே செய்யறாங்க?” என்றாள் அத்தை, வீட்டில்.

“பல்வலிக்காரன மாலை போட்டு உக்காரவெச்சா வலி போயிடுமா?” என்று அத்தை மேல் எரிந்து விழுந்தார்.

அந்த வாரம்தான் நடிகரின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா மாமாவிடம் பேசிய மொழி மகளுக்கு வராதுபோலும்; சங்கத்தார் பேசும் அந்த இன்னொரு மொழியில், மூன்றே வரி. ‘என் அப்பா அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. தன் வாயில்தான் குறை என்று நம்பியே போய்ச் சேர்ந்தார். நீங்கள் தெரிந்தே செய்தீர்கள் என்று இப்போதுதான் படித்தேன்.’

அவள் வாசித்து முடித்தபோது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, கையில் வேலை இல்லாமல். மாமா அதை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே பஞ்சு சுற்றி அந்த இரண்டு பிளாஸ்டர் அச்சு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அத்தனை வருடமும் அவர் தூக்கிப்போடாதவை.

மறுநாள் காலை இருவரும் அந்த மகள் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பெட்டியை அவளிடம் கொடுக்காமல் மாமாவே சுமந்து, படிக்குப் படி நின்று ஏறினார். கதவுக்கு முன்னால் அவள் மணியை அழுத்தக் கையைத் தூக்கியபோது, தடுத்தார். மூச்சு அடங்கும்வரை நின்றார்.

“நான் ஒண்ணு கேப்பேன், செய்வியா?” என்றார். “நான் என்ன சொல்றேனோ அத அப்படியே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. அழகாக்காத, குறைக்காத. அது என்னத் திட்டினா, அதையும் ஒரு சொல் விடாம எங்கிட்டச் சொல்லு. நடுவுல நின்னு என்னக் காப்பாத்தாதம்மா.”