தங்கச்சிக்குச் செய்த வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இடிக்கவில்லை. முதல் தடவையும் நான் இடிக்கவில்லை. இரண்டாவது தடவை என்று ஒன்று நடக்கவே இல்லை. இதை இப்படி அடித்துச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒரு ஆம்பளை எழுதினால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

எனக்குக் கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. வீடு சிதம்பரத்தில், தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பல வருஷம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போக வேண்டும், சாயங்காலம் அதே மாதிரி திரும்ப வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நாற்பது தாண்டிய பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில் ஒரு பழைய சில்வர் கலர் காரை வாங்கினேன். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் ஆபீஸ் பக்கத்திலேயே என்பதால் பைக்கோடு சரி. "எதுக்கும் பாத்து ஓட்டு" என்று தினமும் சொல்வார். நான் ஓட்டுவது ஒரு நாள் நின்றுபோகும் விஷயம் என்பது போலத்தான் அது என் காதில் விழும்.

சம்பவம் நடந்த அன்று வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல், மீன் வாங்கலாம் என்று கடலூர் முதுநகர் போனேன். காரை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு, சங்கரா மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் டமார் என்று சத்தம். ஐஸ் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று சந்திலிருந்து பின்பக்கமாக வந்து என் காரின் இடதுபக்கப் பின்கதவில் முட்டி நின்றுகொண்டிருந்தது. கதவின் நடுவில் ஒரு சோற்றுத் தட்டை அமுக்கி வைத்த மாதிரி பெரிய ஒடுக்கு. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்க்கா" என்றான். நான் திட்டிய திட்டில் மீன்காரம்மாவே தராசைக் கீழே வைத்துவிட்டாள். அவன் காதில் அது ஏறவில்லை. லாரியை முன்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் கதவைப் பார்த்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "எங்க இடிச்ச?"

"நான் இடிக்கல. நிறுத்தியிருந்த வண்டியில வந்து இடிச்சான்."

"சரி சரி, வுடு" என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை, சமாதானம்தான் இருந்தது. என் மாமியார் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எனக்குச் சுற்றிப் போட்டார். காருக்கு ஏன் சுற்றவில்லை என்று நான் கேட்கவில்லை.

கடலூரில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் என் கணவருக்கு மச்சான் முறை. வேறு இடத்துக்குப் போனால் சொந்தத்தில் வருத்தம் வரும் என்று அங்கேயே விட்டோம். முறைப்படி நான் அவருக்குத் தங்கச்சி. அங்கேதான் வந்தது வினை. அந்நியராக இருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள் ஆகும், என்ன பெயிண்ட் என்று நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். இங்கே கேட்க வாய் திறந்தால், "தங்கச்சி வண்டி தங்கச்சி, நம்ம வீட்டு வண்டி. நீங்க டீ சாப்புடுங்க" என்று டீ வரும். அந்தப் பட்டறையில் குடித்த டீயெல்லாம் கணக்குப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்குப் போதும்.

போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டி காயவில்லை. கரண்ட் இல்லை. பெயிண்ட் அடிக்கிற ஆள் லால்பேட்டையில் மச்சினி கல்யாணத்துக்குப் போய்விட்டான். மழை மூட்டமாக இருக்கிறது. நான் மறுபடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். நேரில் போய் நின்றால், என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "மச்சான் வரலியா?" என்பார். மச்சான் வந்தால்தான் வண்டியைப் பற்றிப் பேச்சு. நான் வந்தால் டீ.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார். வண்டி ரெடி, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்து எடுத்துவிட வேண்டும் என்றார். அடித்துப் பிடித்து நானும் என் கணவரும் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது ராகுகாலத்துக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. காருக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தோடு தயாராக இருந்தார். பானெட்டில் சந்தனம், குங்குமம். பின்கதவில் இன்னும் பெரிசாக, உள்ளங்கை அகலத்துக்குக் குழைத்துப் பூசி, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். அங்கே எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"அடிபட்ட எடம் தங்கச்சி. கண்ணு பட்டதே அங்கதான. அங்க ஜாஸ்தியாத்தான் வெக்கணும்."

என் கணவர் தலையாட்டினார். கற்பூரம் எரிந்தது, பூசணிக்காய் உடைந்தது, "எடுங்க எடுங்க, நேரம் ஆவுது" என்று எங்களைக் காருக்குள் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டார். காரைச் சுற்றி வந்து கதவை நிதானமாகப் பார்க்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை எடுத்தேன்.

பூஜை போட்ட வண்டியில் சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் யார் வீட்டு வண்டியைப் பார்த்தாலும் தெரியும், காய்ந்து பொருக்குத் தட்டி அதுவாக உதிர வேண்டும். நாள் முழுக்க லேபில் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள் நான். என் கைக்கும் அதைத் துடைக்கத் துணிச்சல் வரவில்லை. என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் குழைத்து அதே இடத்தில் பூசி, பொட்டைப் புதுப்பித்தார். ஒரு திருட்டு வேலைக்கு எங்கள் வீட்டிலேயே வாரா வாரம் காவல் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. விடாத மழையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்கிப் பார்த்தேன். சந்தனம் கரைந்து ஓடியிருந்தது. அது இருந்த இடத்தில் சாய்வாக ஒரு விரிசல். விரிசலைச் சுற்றிப் பெயிண்ட் உப்பி, ஓரத்தில் சில்வர் உரிந்து, கீழே மஞ்சளாகப் பட்டி தெரிந்தது. பக்கத்துக் கதவோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் நிறமே வேறு என்று கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் வெள்ளிப் பாத்திரம் என்றால் இது அலுமினியம்.

என் கணவர் குடையோடு வந்து குனிந்து பார்த்தார். "மறுபடி எங்கியோ பட்டிருக்கு" என்றார்.

"எங்கயும் படல."

"உனக்குத் தெரியாமகூடப் பட்டிருக்கும்."

போட்டோ எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினார். பதில் குரலாகவே வந்தது. நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், அவர் கூடத்தில் அதைப் போட்டுக் கேட்டார். "மச்சான், நம்ம வேல அப்பிடி வராது. நாம பண்ணிக் குடுத்தா இரும்பு மாரி நிக்கும். தங்கச்சி எங்கியோ ஒரசியிருக்கும். சொல்லப் பயந்துக்கினு இருக்கும். பொம்பளைங்க அப்பிடித்தான். நீ ஒண்ணும் திட்டாத."

நீ ஒண்ணும் திட்டாத! செய்யாத குற்றத்துக்கு என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, கூடவே மன்னிப்பும் வாங்கிக் கொடுக்கிறார் அந்த மனுஷர். கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். என் கணவர் கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ரொம்ப அன்பாகப் பார்த்தார். "சரி, போவட்டும். மழ முடியற வரைக்கும் கொஞ்ச நாள் பஸ்லயே போயேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவு போனால் போகிறது, அது தகரம். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பு இல்லை. இதை ஒப்புக்கொண்டு ஒரு நாள் பஸ் ஏறினால், அவ்வளவுதான். அப்புறம் "இவ ரெண்டு தடவ இடிச்சவ" என்பதுதான் என் பெயர். கார் வாசலில் நிற்கும், பிறகு விற்கப்படும். யாரும் என்னிடம் இருந்து பிடுங்கியதாகவும் இருக்காது, என் நல்லதுக்குத்தான் என்று இருக்கும். மறுநாளும் காரில்தான் வேலைக்குப் போனேன். நான் கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் வந்து நின்று, வண்டி சந்து திரும்பும் வரை பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க என் மண்டையில் இதுவே ஓடியது. அப்போதுதான் இந்தக் காரை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்ல வந்த மெக்கானிக் ஒரு சின்னக் காந்தத்தைக் கார் முழுக்க வைத்து வைத்துப் பார்த்தார். தகரம் என்றால் ஒட்டும், பட்டி தடிப்பாக இருந்தால் ஒட்டாது, பழைய அடி இருந்தால் தெரிந்துவிடும் என்றார். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் அந்த ஆள் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரைக் கூட்டிக்கொண்டு, நானே ஓட்டிக்கொண்டு, பட்டறைக்குப் போனேன். "வா மச்சான். வாங்க தங்கச்சி. டீ சொல்லட்டா?" என்றார்.

"டீ வேணாம்ணே."

அவர் விரிசலைத் தடவிப் பார்த்து, என் கணவரிடம், "பாத்தியா, கீழருந்து மேல ஏறியிருக்கு. ஏதோ தூண்ல ஒரசுன மாரி" என்றார். நான் காந்தத்தை எடுத்தேன். முன்கதவில் வைத்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. வலதுபக்கப் பின்கதவில் வைத்தேன், பிடித்துக்கொண்டது. இடதுபக்கம் வந்து விரிசலுக்கு மேலே வைத்தேன். கையை எடுத்ததும் கீழே விழுந்தது. விரிசலே இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கேயும் விழுந்தது.

"இது என்ன சின்னப் புள்ள வெளையாட்டு" என்று சிரித்தார். "சில எடத்துல ஒட்டாது தங்கச்சி."

டிக்கியைத் திறந்து வீல் ஸ்பானரை எடுத்தேன். என் கணவர், "ஏய், என்ன பண்ற" என்று கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டேன். மழைக்கு ஊறிப்போன சுவர்ப்பூச்சு மாதிரி பட்டி பெயர்ந்து விழுந்தது. இன்னொரு போடு. அடை தடிமனுக்கு ஒரு பெரிய பாளம் என் செருப்பின் மேல் விழுந்தது. உள்ளே, முதுநகரில் அந்த மினி லாரி வைத்துவிட்டுப் போன ஒடுக்கு, வைத்த வாக்கில் அப்படியே இருந்தது. ஒரு சுத்தியல்கூட அதன் மேல் பட்டிருக்கவில்லை. குழியில் பட்டியைக் கொட்டி நிரப்பி, மேலே பெயிண்டைப் பீய்ச்சி, அதற்கும் மேலே சந்தனத்தை அப்பிக் கொடுத்திருக்கிறார். பட்டிக்குப் பின்னால் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் துருவோடு ஒழுகியது.

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அவர் என் கணவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மச்சான், தங்கச்சிய கொஞ்சம் ஒக்கார வையி. நாலு பேரு பாக்கறாங்க" என்றார்.

"அண்ணே, இங்க பாருங்க. எங்கிட்ட பேசுங்க. வண்டி என்னுது. நான் ஒரசிட்டு, சொல்லப் பயந்துக்கினு இருக்கறன்னு சொன்னீங்களே, அத இப்ப என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."

"வண்டிய வுட்டுட்டுப் போங்க, புதுசாவே பண்ணிக் குடுத்துடறன். பசங்க பண்ணது, நான் கவனிக்கல" என்று மட்டும் மழுப்பினார். தப்பு என்ற வார்த்தை அந்த வாயில் வரவே இல்லை. இந்தக் கதவை இனிமேல் நீங்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஸ்பானரை டிக்கியில் போட்டு மூடினேன். என் கணவர் வந்து என் பக்கத்தில் ஏறினார்.

ஆலப்பாக்கம் தாண்டினோம். அப்புறம்தான் அவர், "உம்மேல தப்பு இல்லன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன். "காந்தம் ஒட்டியிருந்தா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுச்சத்திரம் வந்தது, முட்லூர் வந்தது, வெள்ளாற்றுப் பாலமும் வந்துவிட்டது.