நின்றபின் வந்தது

புனே பக்கம் நிக்டியில் எங்கள் வீட்டில் சாமி விளக்கை மனைவிதான் ஏற்றுவாள். மாதத்தில் நாலு நாள் மட்டும் நான். காரணத்தை நாங்கள் பேசியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு அது நின்றது. ஆறு வருஷம் கழித்து ஒரு காலை, "இன்னைக்கு நீங்களே ஏத்திடுங்க" என்றாள். அந்த மாதம் இரண்டு நாள் ஏற்றினேன். அடுத்த மாதம் ஐந்து. அதற்கடுத்து ஒன்பது. என்னவென்று கேட்டதற்கு, "உடம்புச் சூடுங்க, வெந்தயம் குடிச்சா அடங்கிரும்" என்றாள். ஒரு வருஷம் வெந்தயம் குடித்தாள். டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பையில் இருந்த புற்று வெளியேயும் பரவியிருந்தது. அவள் போன பிறகு தினமும் நான்தான் ஏற்றுகிறேன்.

போன மழைக்காலத்தில் அவள் தங்கை கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வயது அறுபது. வந்த மறுநாள் காலை சாமி அலமாரியை விட்டு எட்டவே நின்றுகொண்டாள்.

"நான் கிட்ட வரலீங்க மாமா. ரெண்டு நாளைக்கு."

எடுத்த தீக்குச்சியைப் பெட்டிக்குள்ளேயே போட்டேன். "இந்த வயசிலயா?"

"ரயில்ல ஒரே இடத்துல உக்காந்து வந்த சூடுங்க. வெந்தயம் இருக்குதுங்களா?"

"செருப்பைப் போடு. டாக்டர்கிட்ட போறோம்."

"சொட்டு சொட்டாத்தானுங்க. இதுக்கெல்லாமா போவாங்க?"

"நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் போகணும். உங்கக்காவோட டாக்டர் சொன்னாங்க. அப்ப அது உதவலை."

இந்த டாக்டரம்மா மராட்டிக்காரர். மச்சினிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் மொழிபெயர்த்தேன்.

"நின்னு எத்தனை வருஷமாச்சாம்?"

"எட்டுன்னு சொல்லுங்க."

"இந்த வருஷம் எத்தனை தடவை வந்துச்சாம்?"

"இதையெல்லாம் நீங்க கேக்கோணுங்களா மாமா?"

"நான் கேக்கலை. அவங்க கேக்கறாங்க."

"மூணு. இல்ல, நாலுன்னே சொல்லிருங்க. கணக்குல ஒண்ணு குறைஞ்சா உங்களுக்குத் தூக்கம் வராது."

அக்காவின் குரல்தான் அவளுக்கும். முகம் தெரியாமல் அந்தக் குரல் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல, நான் இந்தியில் திருப்பிச் சொன்னேன். என் மனைவியிடம் யாரும் உரிய காலத்தில் கேட்காத கேள்விகள்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருந்தது. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டால் ஆகும் என்றார் டாக்டர். அந்த மாதமே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் கட்டிலருகே வந்து, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. மேலே பார்த்தபடி கிடந்தாள்.

"அக்காவும் அப்பவே வந்திருந்தா, இவ்வளவோட முடிஞ்சிருக்குமுங்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

ஒன்றுமில்லை என்று இந்தியில் சொன்னேன்.