லாக்கருக்குள் ஒரு போன்

'பெற்றோர் வரவில்லை' என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கிருஷ்ணகிரியில் நன்னடத்தை அலுவலர். வழக்கில் மாட்டிய பிள்ளைகளின் வீட்டு நிலையை விசாரித்து இளைஞர் நீதிக் குழுமத்திடம் சொல்வது என் வேலை. அன்றைக்கு வந்தவன் பதினைந்து வயதுப் பையன். யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு பேரிகை ஊர் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறான். கூட்டிப்போக ஆள் வராவிட்டால் சாயங்காலமே கூர்நோக்கு இல்லம், பூட்டிய கதவு. அங்கே போய்ப் பெரிய திருட்டெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

"காலையில இருந்து அம்மாவுக்குப் போன் போடறோம் மேடம், எடுக்கவே மாட்டேங்குது" என்றார் ஏட்டு.

பையனிடம் கேட்டேன். அப்பா இல்லை. "அம்மா சூளகிரி கம்பெனியில ஷிப்ட்ல இருக்குது மேடம். போனை கேட்லயே வாங்கி லாக்கர்ல வெச்சிடுவாங்க."

இதை ஒருத்தரும் அவனிடம் கேட்கவில்லை பாருங்கள்! குழுமம் கலைவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சூளகிரிப் பக்கம் ஸ்கூட்டரை விரட்டினேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி முதலில் கன்னடத்தில் மறித்தார், பிறகு தமிழில். "ஷிப்ட் முடியாம யாரையும் வெளிய விட மாட்டோம் மேடம். ரூல்ஸ்."

"உங்க ரூல்ஸை அப்புறம் பாக்கலாம். அந்தம்மா வராம நான் நகர மாட்டேன்" என்று கேட்டுக்கு நட்ட நடுவில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்.

ஒருவழியாக அந்த அம்மா நீலக் கோட்டோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் இரண்டு தடவை கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுமத்தில் மாஜிஸ்திரேட் நிதானமாகக் கேட்டார். "நீங்க வேலைக்குப் போயிட்டா பகல்ல பையனை யாரும்மா பாத்துப்பாங்க?"

"இனிமே நான்தாங்க. பாதியில போனா திரும்பி வராதேன்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க. சரின்னு வந்துட்டேன்."

அதுவரை விறைப்பாக நின்ற பையன் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். குழுமம் அவனை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பியது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே அதே கேட்டில் போய் நின்றேன்.

"மறுபடியுமா மேடம்?" என்றார் செக்யூரிட்டி.

"மறுபடியும்தான். அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும். உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க. இல்லேன்னா, வண்டியை எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."