வீடு வந்த விண்கலம்

இலங்கை டிவியில் அந்த விண்வெளித் தொடரை மறுபடி போட்டபோது, கோவில்பட்டியில் எங்கள் தெருவிலிருந்த தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. படம் முடியும்வரை கையிலிருக்கும் காலித் தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார்.

முதல் தடவை போட்டபோது அவருக்கு டூட்டி. அவர் மகள் என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, சோறு கொண்டுபோகையில் அவருக்குக் கதை சொல்வாள். போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள்.

“கலத்துல போனவிய எல்லாரும் கடைசியில வீடு வந்துருதாவன்னு எம் மவ சொன்னா. எப்படி வருதாவன்னு பாக்கணும் தம்பி.”

அவர்கள் வருவதில்லை. முதல் தடவை தொடர் முடிந்த அன்று அவளும் நானும் அழுதிருந்தோம்.

கடைசி வாரம், முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில், மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டேன். இறங்கி வந்தபோது திரையில் வெறும் புள்ளிகள்.

“வந்துட்டாவளா தம்பி?”

“வந்துட்டாங்க அண்ணாச்சி.”

தீப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“அவளும் இப்படித்தான், தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா” என்றார்.